கடைசி பஸ்ஸும் ஒரு சி.ஐ.டி. படமும்

வடிவுடையம்மன் துணை.

1

ஊரில் இந்நேரம் வலையைக் காயப் போட்டிருப்பார்கள். இங்கே நான் துணியைக் காயப் போட்டுவிட்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் படிப்பு பத்தாவதோடு நின்றது. பிறகு ஐ.டி.ஐ.யில் வெல்டிங் கற்றுக்கொண்டேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயத்தில் பிழை இல்லை.

நான் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவன். இப்போது இருப்பது ஆஸ்திரேலியாவில், நியூகாசில் என்கிற துறைமுக ஊர். எண்ணூரில் நிலக்கரி இறங்கும், இங்கே ஏறும். அவ்வளவுதான் வித்தியாசம் என்று ஆரம்பத்தில் விளையாட்டாகச் சொல்வேன். மீதி வித்தியாசம் போகப் போகத்தான் தெரிந்தது. பட்டறையில் என்னை யாரும் குமார் என்று கூப்பிடுவதில்லை. காகிதத்தில் அப்பா பெயர் கடைசியில் இருப்பதால் முனுசாமி என்பது மூனி ஆகி, "மூனி, இங்கே வா, மூனி, டார்ச் எங்கே" என்றுதான் பேச்சு. கடல் தாண்டி எங்கும் போகாத என் அப்பா தினமும் இங்கே எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

என் மகள் கயல்விழி இங்கே ஹைஸ்கூலில் படிக்கிறாள். வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளியில் ஒருநாள் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு 'வூட்டுக்குப் போய்கினு கீறேன்'னு சொல்றா, கொஞ்சம் திருத்துங்க" என்றார். "அது அவ ஆயா பேச்சும்மா, எங்க ஊர்ப் பேச்சு, அதுல தப்பு ஒண்ணுமில்ல" என்றேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான். மற்ற நேரத்தில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வேறு உலகத்தில் இருக்கிற பிள்ளை அது. வெள்ளிக்கிழமை நாலைந்து குடும்பமாக ஒருவர் வீட்டு கார் நிறுத்தும் இடத்தில் விளக்கு பூஜை செய்வோம், அதற்கும் வரமாட்டாள். தெரிந்த தமிழாவது ஆயாவின் தமிழாக இருக்கட்டும்.

நாங்கள் இங்கே வந்து பன்னிரண்டு வருஷம் ஆன அதே வாரத்தில் ஊர் கவுன்சிலிலிருந்து தகவல் வந்தது. குடியுரிமை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் டவுன் ஹாலில் வந்து உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று. மனுப் போட்டுக் காத்திருந்ததே ஒரு தனிப் பாடு. எந்த மாதம் எந்த வீட்டில் குடியிருந்தோம் என்று பத்து வருஷக் கணக்குக் கேட்டார்கள். என் மனைவி செல்விதான் ஒவ்வொரு வீட்டையும் அங்கே என்ன பண்டிகை கும்பிட்டோம் என்பதை வைத்து ஞாபகப்படுத்திச் சொன்னாள்.

எனக்கு இது அவசியமாக இருந்தது. நான் வேலை செய்கிற பட்டறையை மூடப்போகிறார்கள். பக்கத்தில் கடற்படைப் படகுகளைப் பழுது பார்க்கிற இடத்தில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள், ஆனால் இந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால்தான். தாயே, வழி விட்டாய் என்று கற்பூரம் ஏற்றிவிட்டு அம்மாவுக்கு போன் போட்டேன்.

2

அம்மா பெயர் கன்னியம்மா. அப்பா தவறிய பிறகு தன் தம்பி தேசப்பன் வீட்டில் இருக்கிறாள். தேசப்பன் மாமா காசிமேட்டு மீன் துறைமுகத்தில் ஐஸ் உடைத்து ஓய்ந்தவர். வீட்டில் எல்லாரையும்விட அவருக்குத்தான் வாய் அதிகம்.

விஷயத்தைச் சொன்னேன். அம்மா முதலில் கேட்டது இதுதான்:

"அப்போ அந்த நீலப் புக்கு?"

பாஸ்போர்ட்டைத்தான் கேட்கிறாள். நான் ஊரை விட்டு வந்த நாளிலிருந்து எப்போது போன் செய்தாலும் "புக்கு பத்திரமா கீதா?" என்று கேட்பாள். வயசானவர்கள் கவலை என்று "கீதும்மா" என்பேன்.

"அதைத் திருப்பிக் குடுத்துடணும்மா. ரெண்டு நாட்டுக்காரனா இருக்க நம்ம நாட்டுல விடமாட்டாங்க."

"கடல்ல போட்டுருவியா?"

"கடல்ல ஏம்மா போடுறேன்? ஆபீஸ்ல குடுப்பேன்."

கொஞ்சம் பொறுத்து மாமாவின் குரல் வந்தது. "இன்னாடா சொன்னே எங்கக்காகிட்ட? போனை என் மடியில போட்டுட்டு எழுந்து போய்கினே கீது."

அதற்குப் பிறகு அம்மா போனுக்கே வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், அடுத்த வாரமும் பார்த்தேன். குளிக்கிறாள், தூங்குகிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று மாமா ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் அவருக்கே பொய் தீர்ந்துவிட்டது.

"உன்கிட்ட பேச மாட்டேங்குதுடா, கொமாரு. 'எம்புள்ள அந்தப் படத்துல வர்றவன் மாதிரி ஆய்ட்டான்'னு சொல்லிகினு சுவத்தைப் பாத்துகினு படுத்துகினு கீது. சோறும் சரியா துன்றதில்ல."

"எந்தப் படத்துல வர்றவன்?"

"அதாண்டா. நீ பொறக்கறதுக்கு மொத நாள் பாத்தோமே, சி.ஐ.டி. படம்."

செல்வியிடம் சொல்லிவிட்டேன், அம்மா வாயால் சரி என்று சொல்லாமல் அந்த டவுன் ஹாலில் நான் வாய் திறக்க மாட்டேன் என்று. அவளுக்குக் கோபம். "வேலை போனா அத்தையா வந்து வாடகை கட்டும்?" என்றாள். நியாயம்தான். ஆனால் பெற்றவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது சாமி பேரைச் சொல்லி உறுதிமொழி எடுத்தால் அது எங்கே போய்ச் சேரும்?

3

அந்தப் படத்தைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் சினிமா பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு சினிமா என்றால் திருவொற்றியூர்தான். சாயங்கால ஆட்டத்துக்குப் போனால், எண்ணூருக்குத் திரும்பும் கடைசி பஸ் படம் முடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடும். அதை விட்டால் இருட்டில் மணலில் நடை. அதனால் உச்சகட்டச் சண்டை ஆரம்பித்ததும் எங்கள் குப்பத்து ஜனம் மொத்தமாக எழுந்துவிடும். பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்தபடி வெளியே வருவார்கள். "எண்ணூர்க்காரங்க எழுந்தாச்சி, வில்லன் கதை முடிஞ்சிது" என்று திருவொற்றியூர்க்காரர்கள் விசில் அடிப்பார்களாம்.

முடிவு மறுநாள் காலையில் வரும். காலடிப்பேட்டையில் தியேட்டருக்குப் பக்கத்திலேயே வீடு உள்ள ரோசம்மா என்கிற பூக்காரி, மீன் விற்கப் போகும் எங்கள் பெண்களுக்கு மார்க்கெட்டில் உட்கார்ந்து மீதிக் கதையைச் சொல்வாள். யார் செத்தான், யார் யாரைக் கட்டினான், கடைசியில் எந்தக் கோயிலில் போய் நின்றார்கள் என்று எல்லாம். அம்மா பார்த்த படங்களில் பாதிக்கு மேல் ரோசம்மா வாயால் முடிந்தவைதான்.

இந்தப் படத்துக்கு மட்டும் அது நடக்கவில்லை. நிறைமாத வயிற்றோடு, தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அம்மா போயிருக்கிறாள். அப்பா அப்போது கடலில். படத்தில் முரட்டு சி.ஐ.டி. ஒருவன், தங்கம் கடத்துகிறவர்களைப் பிடிக்க வெளிநாட்டுக்கு அனுப்பப்படுகிறான். சென்னைத் துறைமுகத்தில் பொண்டாட்டி அழுதுகொண்டு வழியனுப்புகிறாள். அங்கே போய் ஒரே ஆளாகப் பத்துப் பேரை அடிக்கிறான், படகுக்குப் படகு தாவுகிறான். கடைசியில் கடத்தல்காரர்களோடேயே சேர்ந்துவிடுகிறான். கப்பல் தளத்தில் நின்று பாஸ்போர்ட்டை எடுத்து, இனிமேல் அந்த நாடும் வேண்டாம், அங்கே இருப்பவளும் வேண்டாம் என்று சொல்லிக் கடலில் வீசி எறிகிறான்.

அந்த இடத்தில்தான் எண்ணூர் ஜனம் எழுந்தது.

மறுநாள் விடியும்போது அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. நான் பிறந்தேன். அவள் மறுபடி கூடை தூக்கி மார்க்கெட் போவதற்குள் ரோசம்மா வேறு எத்தனையோ படத்துக்கு முடிவு சொல்லிவிட்டாள். இதை அம்மா கேட்கவும் இல்லை.

"அம்மா ஏன் கேக்கல, மாமா?" என்று போனில் கேட்டேன்.

"கேட்டு, அவன் வரவே இல்லன்னு சொல்லிட்டா? கைல ஆம்பளப் புள்ளய வச்சிகினு அதக் கேக்க பயம். ஒரு தபா டீவீல போட்டான். எங்கக்கா எழுந்து வந்து அணைச்சிட்டு, கரண்டு போச்சின்னுது. பக்கத்து வூட்ல ஓடிகினு கீது, நம்ம வூட்ல மட்டும் கரண்டு போச்சாம்."

"நீங்களாவது முடிவைப் பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன், நானும் அதே பஸ்ல தானேடா வந்தேன். அவன் கெட்டவனாவே பூட்டான்னு நென்ச்சிகினு கீறேன் இன்னிக்கி வரைக்கும்."

பன்னிரண்டு வருஷமாக "புக்கு பத்திரமா கீதா" என்று அவள் கேட்டதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

4

படத்தின் பெயர் மாமாவுக்கு நினைவில்லை. "சிவப்பு ஸ்கார்பு கட்டிகினு இருப்பான், புருவத்துல வெட்டு இருக்கும்" என்றார். இதை வைத்துக்கொண்டு நான் எங்கே தேடுவது? கயலிடம் சொன்னேன். காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள்.

"ஆயா இதுக்கா பேசல? சினிமாவுக்கா?"

"சினிமாவுக்கு இல்லம்மா. நான் திரும்பி வரமாட்டேன்னு."

அவள் எழுந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். இரண்டு சாயங்காலம் தேடினாள். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் போகிற சி.ஐ.டி. படம் எத்தனை வந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. எல்லாரும் தொப்பி, எல்லாரும் கறுப்புக் கண்ணாடி. "அப்பா, இவரா? இவரா?" என்று காட்டிக்கொண்டே வந்தாள். மாமாவுக்குப் படம் படமாக அனுப்பினாள், அவர் ஒவ்வொன்றுக்கும் "இவன் இல்ல, இவன் குண்டு", "இவன் இல்ல, இவனுக்கு மீசை" என்று குரல் செய்தி அனுப்பினார். ஆயா பேசாத வீட்டில் ஆயாவின் தம்பியும் என் மகளும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் ஏற்றி வைத்திருந்த பழைய பிரதி கிடைத்தது. மழை பெய்கிற மாதிரி கோடு கோடாக ஓடியது. கப்பல் தளம், பாஸ்போர்ட், கடல் எல்லாம் இருந்தது. அதற்குப் பிறகும் படம் ஓடியது. கயலும் நானும் மூச்சு விடாமல் முடிவு வரை பார்த்தோம். பார்த்து முடித்ததும் நான் எழுந்து போய் அம்மன் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். ஒரு சண்டைப் படத்துக்காக அப்படிக் கும்பிட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

5

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சாயங்காலம், அவர்களுக்கு மத்தியானம். மாமா அதைத் தன் வீட்டு டீவியில் போட ஏற்பாடு செய்துவிட்டு, வீடியோ அழைப்பில் தன் போனை அம்மா முகத்துக்கு நேராக டீவிப் பெட்டியில் சாய்த்து வைத்தார். எங்களுக்குப் படம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அம்மா முகம்தான் எங்களுக்குத் தெரிகிற திரை.

என்ன படம் என்று சொல்லாமலே உட்கார வைத்துவிட்டார். பெயர் எழுத்துப் போடும்போதே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"அணைடா அத்த."

"குந்துக்கா. நான் முழுசா பாக்கணும். நீ கண்ண மூடிக்கோ."

அவள் மூடவில்லை. கொஞ்ச நேரத்தில் தன்னை மறந்துவிட்டாள். படகில் சண்டை வந்தபோது, "பாரு அவன் கயிறு கட்டற லட்சணத்த. இழுத்தா கையோட வந்துடும். இவனல்லாம் கப்பல்ல வுட்டா..." என்றாள். பல நாள் கழித்து அவள் குரலைக் கேட்கிறேன். கயல் என் கையைப் பிடித்து அமுக்கினாள், பேசாதே என்று.

பிறகு அந்த இடம் வந்தது. நாடும் வேண்டாம், அவளும் வேண்டாம் என்று அவன் வசனம் பேசும் சத்தம் கேட்டது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை ஊன்றி எழுந்துவிட்டாள்.

"எங்கக்கா போற?"

"முடிஞ்சிச்சி. வா."

"அக்கா, பஸ்ஸு இல்ல ஒண்ணும் இல்ல. நம்ம வூட்லதான் கீறோம். குந்து, இன்னும் கீது."

அம்மா நின்றபடியே இருந்தாள். அவள் இடுப்பு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. துப்பாக்கிச் சத்தம், போலீஸ் சங்கு, ஓடுகிற சத்தம். மெதுவாக இறங்கி உட்கார்ந்தாள். முகம் திரும்ப வந்தது.

அவன் கடலில் எறிந்தது கள்ளப் பாஸ்போர்ட். கடத்தல்காரர்களை நம்ப வைக்க ஆடிய நாடகம். எல்லாரையும் பிடித்துக் கொடுத்துவிட்டு, சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கி, பூட்ஸைக் கழற்றி, குதிகாலைத் திருகி, நிஜப் பாஸ்போர்ட்டை எடுத்து அதிகாரியிடம் காட்டுகிறான். கூட்டத்தில் நின்றிருந்த பொண்டாட்டி ஓடி வருகிறாள்.

அம்மா வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தோம்.

"ஷூவுக்குள்ளயா வச்சிருந்தான்? சிங்கம் போட்ட புக்க கால்ல போட்டு மிதிச்சிகினா வந்தான், கட்டைல போறவன்!"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். கயலும் சிரித்தாள். அம்மாவும் சிரித்து, கண்ணைத் துடைத்து, "இத்தினி வருசம் அவனத் திட்டிகினு இருந்தேனே, பாவம்" என்றாள். பிறகு போனைக் கையில் எடுத்து என் முகத்தைப் பார்த்தாள்.

"கொமாரு."

"சொல்லும்மா."

"அவன் போட்டது டூப்பு."

"ஆமாம்மா."

"நீ குடுக்கப் போறது ஒரிஜினலு."

இல்லை என்று சொன்னால் பொய். படத்தைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்த என்னை அவள் ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டாள்.

"ஆமாம்மா. ஒரிஜினல்தான். நீ வேணாம்னா குடுக்கல."

"வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

6

அந்த வாரம் முழுக்க நான் வெல்டிங்கில் ஒழுங்காகப் பற்று வைக்கவில்லை என்று மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன். "மூனி, உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். எங்கம்மா ஒரு படத்தை யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்றேன். அவர் தன் டிபனில் பாதியைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள். திருவொற்றியூர் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். நெற்றியில் குங்குமம் காயவில்லை.

"கோயில்ல குந்தி ரோசனை பண்ணேன்டா. உங்கப்பன் எந்த ஊரு?"

"பழவேற்காட்டுப் பக்கம்."

"அவுங்க குப்பத்துல வரி கட்டிகினு இருந்த ஆளு. என்னைக் கட்டிகினு இங்க வந்ததும் இன்னா பண்ணான்? அங்க ஊர்க் கூட்டத்துல சொல்லிட்டு பேர எடுத்துட்டு, நம்ம குப்பத்துல வரி எழுதிகினான். இல்லன்னா நம்ம ஊர்ல வலை வுட முடியுமா?"

ஊரிலிருப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் குப்பங்களில் கலியாணமான ஒவ்வொரு ஆணும் கோயில் காரியத்துக்கு, ஊர்க் காரியத்துக்கு வரி கட்டுவான். வரி கட்டுகிறவன்தான் அந்த ஊர்க்காரன். ஒரே ஆள் இரண்டு குப்பத்தில் வரி கட்ட முடியாது.

"அதுக்குனு உங்கப்பன் பெத்த ஆத்தாள வுட்டுட்டானா? அது கெடையா கெடந்தப்போ தூக்கிப் புடிச்சி கழுவி வுட்டது யாரு? கடைசில கொள்ளி வச்சது யாரு? வரிய மாத்திக்கலாம்டா. எங்கப்பன் ஊட்டு ஆளுங்க அன்னிக்கி உங்கப்பன 'வந்தேறி'ன்னு கேலி பண்ணாங்க. அவன் வாயே தொறக்கல. நல்லது கெட்டதுக்கு ரெண்டு ஊர்லயும் மொத ஆளா நின்னான்."

"அப்போ நான்..."

"நீ வலை வுடற எடத்துல வரி கட்டு. ஆனா நிக்கணும். புரியுதா? நல்லது கெட்டதுக்கு இங்க வந்து நிக்கணும்."

"நிப்பேம்மா. அம்மன் சத்தியமா."

"சத்தியத்த அந்த ஆபீஸ்ல போய் பண்ணு" என்றாள்.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த செல்வி, குழாயை அப்படியே ஓட விட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இங்கே காற்றுக்கு வாசனையே இல்லை என்று குறை சொல்கிற நான் அன்றைக்கு வாசலில் நின்று நன்றாக மூச்சு விட்டேன்.

7

உறுதிமொழியில் இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். ஒன்றில் கடவுள் பேர் வரும், ஒன்றில் வராது. எது வேண்டும் என்று கேட்டார்கள். கடவுள் இருக்கிறதைக் கொடுங்கள் என்றேன். எந்தக் கடவுள் என்று யாரும் கேட்கவில்லை. நான் யாரை நினைத்துக்கொண்டேன் என்பது அம்மனுக்குத் தெரியும். என் பெயரைக் கடைசியிலிருந்து, முனுசாமி குமார் என்று படித்து, அப்பாவையும் சேர்த்து மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு செடி கொடுத்தார்கள். கயல் போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் ஆயாவுக்குக் காட்டினாள்.

வெளியே வந்ததும் அம்மாவிடம் பேசினேன். அடுத்த மாசி மகத்துக்கு வருகிறேன் என்றேன்.

"வா. ஆனா இனிமே உனக்கு இங்க வர்றதுக்கு சீட்டு வாங்கணுமாமே? தேசப்பன் சொல்றான்."

"ஆமாம்மா, ஒரு கார்டு எடுத்துட்டா ஆயுசுக்கும் போதும்."

"அது வர்ற வரைக்கும்?"

"கொஞ்ச மாசம் ஆகும்."

"எனக்கு அந்தப் புக்கு எடுக்க இன்னா இன்னா வேணும்?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. "எந்தப் புக்கும்மா?"

"நீலப் புக்குடா. நீ வர்றதுக்குள்ள நான் வந்து பாத்துட்டு வரேன். வலை வுடற எடம் எப்டி கீதுன்னு பாக்க வேணாமா? இந்தப் பொண்ணுக்கு மீன் ஆயத் தெரியுமா?"

"தெரியாது ஆயா!" என்று கயல் கத்தினாள், டவுன் ஹால் வாசலில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி.

முகத்துவாரத்தை விட்டால் மீன் மார்க்கெட், சினிமாக் கொட்டகை, சுற்றியுள்ள மூன்று அம்மன் கோயில்கள், இதற்குமேல் எங்கும் போகாதவள் அவள். போன செவ்வாய்க்கிழமை மாமா அவளைப் பாஸ்போர்ட் ஆபீசுக்குக் கூட்டிப் போனார். திரும்பி வந்ததும் வராததுமாக எனக்கு போன்.

"உங்கம்மாவால மானம் போச்சிடா கொமாரு. போட்டோ எடுக்கச் சொல்ல சிரிக்கக் கூடாதாம். அங்க போட்டோ எடுக்கற பொண்ணு தன்மையா 'அம்மா, வாய மூடுங்க, நேரா பாருங்க'ன்னுது. எடுத்தா, சிரிப்பு. மறுபடி எடுத்தா, மறுபடி சிரிப்பு. பின்னாடி லைன்ல நிக்கறவனல்லாம் சிரிக்க ஆரம்பிச்சிட்டான்."

போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, "ஏம்மா சிரிச்சே?" என்று கேட்டேன்.

"நான் இன்னாடா பண்றது," என்றாள் அம்மா, "அடக்கி அடக்கிப் பாத்தேன். வந்துகினே கீது."